பலூடாக்காரரின் மரணம் குறித்துச் சில திருத்தங்கள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. அறுபத்தெட்டாம் வருடம் ஆடி மாதம், திண்டுக்கல் தாலுகா ஆபீஸ் வாசலில் புங்க மரத்தடியில் மனு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்த என் முன்னால் ஒரு மனிதர் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். "தம்பி, நான் உசுரோட இருக்கேன்னு ஒரு மனு எழுதணும்" என்றார். கதை அப்படித்தான் வந்து சேர்ந்தது.

பட்டா மாறுதல், கிணற்றுத் தகராறு, வரப்பை வெட்டிக்கொண்டான் என்று எழுதிப் பழகிய கை. அந்த வாக்கியம் கைக்குப் புதிது. 'மனுதாரராகிய நான் உயிரோடிருக்கிறேன் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.' எழுதி முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

அவர் பெயர் உடையப்பன். பேகம்பூரில் பலூடாக் கடை வைத்திருந்தார். ஆனால் இது அவர் கதை இல்லை. அவரைச் சாகடித்தவளின் கதை. சாகடித்தவள் அவர் மனைவி சுந்தரம்மாள்.

(பயப்பட வேண்டாம். ரத்தம் ஏதும் வராது. ஒரு சொல்தான் வரும்.)

2

இதற்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: 'பலூடா என்னும் பண்டம் பாரசீக நாட்டில் பிறந்தது. அங்கே அதில் பால் கிடையாது. மாவை நூலாகப் பிழிந்து, பனியில் உறையவைத்து, பன்னீரும் எலுமிச்சைச் சாறும் ஊற்றித் தின்பார்கள். அரசர்களோடு கூடவே அது கிழக்கே வந்தது. வழியில் பால் சேர்ந்தது, சப்ஜா விதை சேர்ந்தது, கடைசியில் ஐஸ்கிரீமும் சேர்ந்தது. வியாபாரிகள் கப்பலேற்றி ரங்கூனுக்குக் கொண்டுபோனார்கள். ரங்கூனிலிருந்து...'

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் முனீர் பாய். உடையப்பன் கடைக்கு அடுத்த கடையில் அத்தரும் நாட்டு மருந்தும் விற்றவர். சொல்லும்போது அரசர்களுக்குப் பின்னால் அவரும் நடந்து வந்த மாதிரியே சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பண்டம் கடந்து வந்த தேசங்களை எழுதிக்கொண்டு போனால், ஒரு பெண் நகராமல் இருந்த வருடங்களை எழுதக் காகிதம் மிஞ்சாது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'சுந்தரம்மாள் நல்லவள்.'

அவ்வளவுதான். அதற்குமேல் பேனா ஓடவில்லை.

மூன்றாவதை விட்டுவைத்திருக்கிறேன். கீழே வருவது அதுதான்.

3

வேடசந்தூருக்கு மேற்கே, மழை பெய்தால் சோளமும் பெய்யாவிட்டால் கல்லுமாகக் கிடக்கிற ஒரு காட்டு ஊரில் சுந்தரம்மாள் வாழ்க்கைப்பட்டாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. நாற்பத்தேழாம் வருடம், கல்யாணமாகி எட்டாம் மாதம், உடையப்பன் சேக்காளி ஒருவனோடு ரங்கூனுக்குக் கப்பலேறினார்.

"ரெண்டு வருசம். கண்ண மூடித் தொறக்குமுன்ன வந்துருவேன்" என்றார்.

மூன்று வருடம் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது.

கழுத்தில் தாலி இருந்தது. பூ வைக்கலாம், பொட்டு வைக்கலாம். ஆனால் கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டை அவள் கையில் கொடுக்க ஒருத்திக்கும் மனசு வராது. புருசன் இருக்கிறானா இல்லையா என்று அவளுக்கே தெரியாது, பிறகு எப்படிக் கொடுப்பார்கள்? இழவு வீட்டுக்குப் போனாலும் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். தாலி அறுத்தவர்கள் அவளைத் தங்களோடு சேர்த்துக்கொள்ளவில்லை. அண்ணன் ராமர் ரெண்டு தடவை வண்டி கட்டிக்கொண்டு வந்தான்.

"வா புள்ள. ஒனக்கு வேற எடம் பாக்குறேன். எம்புட்டு நாளைக்கு இப்படி?"

"வந்துருவாரு."

"வரலன்னா?"

"வரலன்னு சேதி வரட்டும். அப்பறம் பேசுவோம்."

மாமியார் பேச்சியம்மாள் படுக்கையில் விழுந்தாள். ஆறு வருடம். பீ மூத்திரம் அள்ளியது சுந்தரம்மாள்தான். சாகிற அன்றைக்குக் காலையில் கிழவி அவள் முகத்தைப் பார்த்து, "உம் மூஞ்சியப் பாத்துத்தாண்டி எம்மகன் ஓடிப் போனான்" என்றாள். சுந்தரம்மாள் வாயைத் துடைத்துவிட்டு, கஞ்சிக் கும்பாவைக் கழுவப் போனாள்.

(இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று எழுதியிருந்தேன். ஆனால் இதைச் சொன்ன அன்றைக்கே அவளிடம் கேட்டிருந்தேன். "அழுகல தம்பி. அழுகுறதுக்கும் ஒரு சேதி வரணும்ல?" என்றாள். திருத்திவிட்டேன்.)

4

அறுபத்துநாலில் சேதிக்குப் பதில் ஆளே வந்தார்.

பர்மாவில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நம் ஆட்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்கள். துறைமுகத்தில் மோதிரத்தைக்கூட உருவிக்கொண்டுதான் விட்டார்களாம். உடையப்பன் ஒரு தகரப் பெட்டியும் நாலு முழ வேட்டியுமாக வந்து வாசலில் நின்றார். முன்மண்டை வழுக்கை. சுந்தரம்மாள் தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் நின்று பார்த்தாள். பதினேழு வருடத்துக்கும் சேர்த்துக் கேட்க வேண்டியதை அவள் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"தண்ணி குடிக்கிறீகளா?"

மண்வெட்டி பிடிக்க அவருக்குக் கை மறந்துவிட்டது. ஒரு பருவம் பார்த்தார். பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்து, பேகம்பூரில் முனீர் பாய் கடையில் பாதியைத் தடுத்து வாங்கி, தனக்குத் தெரிந்த ஒரே தொழிலைத் தொடங்கினார்.

கூவைக்கிழங்கு மாவைக் கஞ்சியாகக் கிண்டி, பசைபோலத் திரண்டதும், இடியாப்ப உரலில் போட்டு ஐஸ் தண்ணீருக்குள் பிழிய வேண்டும். தண்ணீரில் விழுந்ததும் கண்ணாடி நூல் மாதிரி விறைத்துக்கொள்ளும். அதை நீளமான கிளாஸில் அள்ளிப் போட்டு, ஊறின சப்ஜா விதை, ரோசா சர்பத், சுண்டக் காய்ச்சி ஆறவைத்த பால், மேலே மரவாளியில் உப்பும் ஐஸுமாகப் போட்டுச் சுற்றி எடுத்த ஐஸ்கிரீம். முதல் வாரம் வந்தவர்கள் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள். "என்னப்பு இது, புழு நெளியுது. கீழ தவளை முட்டையா?" என்றார்கள். ரெண்டாம் வாரம் அதே ஆட்கள் பிள்ளைகுட்டியோடு வந்தார்கள். தோல் பதனிடும் ஷாப்புக்காரர்கள், பூட்டுப் பட்டறைக்காரர்கள், வேடசந்தூரிலிருந்து சைக்கிளில் வரும் மில் ஆட்கள் என்று வெயில் காலத்தில் நிற்க இடமிருக்காது.

உரலைப் பிழிவது சுந்தரம்மாள் வேலை. அவர் கிண்டிக் கொடுப்பார், அவள் பிழிவாள். அவர் இல்லாத நேரத்தில் கிண்டவும் கற்றுக்கொண்டாள்.

அந்த ரெண்டு வருடம் அவள் சந்தோசமாக இருந்தாள். நான் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய ஒரே வாக்கியம் இது. ஒரு தடவை உண்டானாள். ஐந்தாம் மாதம் கலைந்துவிட்டது. முப்பத்தைந்து வயதில் இனிமேல் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். அப்போதும் உடையப்பன்தான் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அது போதும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. தபால்காரர் தெருமுனையில் வந்தால் போதும், உடையப்பன் கை வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார். "பர்மாவுல சேக்காளிக இருக்காக" என்பார்.

5

அறுபத்தாறு பங்குனி. உச்சி வெயில். உடையப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐஸ் பேக்டரிக்குப் போயிருந்தார். கடையில் சுந்தரம்மாள் மட்டும். பக்கத்துக் கடையில் முனீர் பாய் எதையோ நிறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

தகரப் பெட்டியோடு ஒரு பெண் வந்து நின்றாள். பதினாறு வயதிருக்கும். பூப்போட்ட லுங்கி, முழுக்கை ரவிக்கை. கன்னத்தில் அரைத்த சந்தனம் மாதிரி ஒரு பூச்சு, வியர்வையில் திட்டுத் திட்டாகக் கலைந்திருந்தது. பர்மாவிலிருந்து வந்தவள் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"இது பலூடாக் கடைதானே?"

"ஆமா தாயி. உக்காரு. எங்கிட்டிருந்து வார?"

"மெட்ராஸ் அகதி கேம்புலேர்ந்து. ரயில்ல வந்தேன்."

சுந்தரம்மாள் கேட்காமலே ஒரு கிளாஸ் போட்டு வைத்தாள். வெயிலில் வந்த பிள்ளை. அவள் ரெண்டு கரண்டி தின்றதும் முகம் மலர்ந்தது.

"ருசி அப்படியே இருக்கு. நூலுதான் செத்த கூட வெந்துருச்சு. எங்கம்மா மாவு தெரண்டதும் நாலு எண்ணும். நாலுல எறக்கிரும்."

"ஒங்கம்மாளுக்கும் இதான் தொழிலா?"

"அம்மாதான் தெருவோரத்துல மொதல்ல போட்டுச்சு. அப்பா அம்மாகிட்டத்தான் கத்துக்கிட்டாரு."

சுந்தரம்மாள் கையில் இருந்த துணியை மடித்தாள். மாவு திரளும்போது உடையப்பனுடைய உதடு அசைவதை ரெண்டு வருடமாக அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஏதோ சாமி பேர் சொல்கிறார் என்றிருந்தாள். எண்ணுகிறார் என்று இப்போதுதான் தெரிந்தது.

"ஒங்கப்பா பேரென்ன?"

"உடையப்பன். இது அவரு கடைதானே? பேகம்பூரு, அத்தர் பாய் கடைக்கு அடுத்துன்னு காயிதத்துல இருந்துச்சு. ஒரே காயிதந்தான் போட்டாரு. வந்து கூட்டிக்கிறேன்னாரு. வரல. தையில அம்மா செத்துப் போச்சு. அதான் நானே கப்பலேறிட்டேன்."

பெட்டியைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினாள். தலை நிறைய முடியோடு உடையப்பன். பக்கத்தில் சிரிக்கிற பர்மாக்காரி, மா டின் என்று பெயராம். அவள் மடியில் ஒரு குழந்தை. போட்டோ சுந்தரம்மாளை ஒன்றும் செய்யவில்லை. இத்தனை வருடத்தில் ஆண்பிள்ளை ஒருத்தியைச் சேர்த்திருப்பான் என்று நினைக்காத அளவுக்கு அவள் வெள்ளந்தி இல்லை. உரல்தான் அவளை என்னவோ செய்தது. தினமும் அவள் பிழிந்ததும், 'நம்ம தொழில்' என்று ஊரெல்லாம் சொன்னதும், அவருக்கும் தனக்கும் நடுவில் புதிதாக முளைத்த ஒரே பொருள் என்று நினைத்ததும் இன்னொருத்தியின் கைப்பக்குவம்.

"ஒம் பேரு?"

"சுந்தரம்மா. அப்பா வச்ச பேரு. ஊர்ல அவரு குலசாமி பேராம்."

[வாசகர்களே, இந்தப் பெயரை நம்ப மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். முதல் பிரதியில் இவளுக்குக் கமலா என்று பெயர் வைத்தேன். கதை ஒழுங்காக நடந்தது. ஆனால் அடுத்து நடந்ததற்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது. ஆகவே திருப்பி வைத்துவிட்டேன். உடையப்பன் அந்தப் பெயரைக் குற்ற உணர்ச்சியில் வைத்தாரா, ஆசையில் வைத்தாரா, கூப்பிட்டுப் பழகிய வாய் என்று வைத்தாரா, நான் கேட்கவில்லை.]

"அப்பா எங்கங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

6

இந்த இடத்தில் மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். நாலாம் நாள் இப்படி எழுதினேன்: 'சுந்தரம்மாள் அந்தப் பிள்ளையை மார்போடு அணைத்து, வா தாயி, இனிமேல் நான்தான் உனக்கு...'

நல்லவள் என்று எழுதிவிட்டு நின்றேனே, அந்தப் பேனா இப்போது வழுக்கிக்கொண்டு ஓடியது. அதனாலேயே சந்தேகம் வந்து நிறுத்தினேன். நடந்தது இது.

"செத்துட்டாரு" என்றாள் சுந்தரம்மாள்.

அந்தப் பெண் கரண்டியைக் கீழே வைத்தாள். "எப்ப?"

"போன ஐப்பசியில. காச்சல்."

"நீங்க யாரு?"

"நான் இங்க வேலைக்கு இருக்கேன்."

"அவருக்கு இங்க வேற யாராச்சும்..."

"சம்சாரம் ஒருத்தி இருந்தா. அவளும் போய்ச் சேந்துட்டா."

முனீர் பாய் பொட்டலம் கட்டிய கையோடு நிமிர்ந்து பார்த்தார். சுந்தரம்மாளும் அவரைப் பார்த்தாள். பாய் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி தராசைப் பிடித்தார். (பின்னால் என்னிடம் சொன்னார்: "குடும்பத்து விசயம் தம்பி, நாம என்னத்தச் சொல்ல? நாளைக்கு அல்லா கேப்பான். அவன்கிட்டயும் இதத்தான் சொல்லணும்.")

அந்தப் பெண் கூப்பாடு போடவில்லை. கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நேத்தையிலேர்ந்து ஒண்ணும் திங்கல. இத முடிச்சுரட்டா?" என்று கேட்டாள். சுந்தரம்மாள் தலையாட்டினாள். கண்ணீர் கிளாஸுக்குள் விழ விழ அவள் அடி வரைக்கும் தின்றாள். சப்ஜா விதைகூட மிஞ்சவில்லை. கிளாஸை அவளே கழுவி வைத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேசன் எந்தப் பக்கம் என்று கேட்டாள். சுந்தரம்மாள் கையைக் காட்டினாள்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. உடையப்பன் வந்துவிட்டார். சைக்கிள் கேரியரில் சாக்குச் சுற்றிய ஐஸ் பாளம். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரும் வந்தாகளா?"

"ஒரு கிளாஸ் போச்சு" என்றாள் அவள்.

சுந்தரம்மாளை நீங்கள் வெறுத்திருப்பீர்கள். நானும் இந்தப் பக்கத்தை எழுதும்போது வெறுத்தேன். அப்புறம் மூன்றாம் பகுதியைத் திரும்பப் படித்தேன். வெறுப்பு குறையவில்லை. யாரை வெறுப்பது என்பதுதான் குழம்பிவிட்டது.

7

இரண்டு வருடம் போயிற்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்திருப்பாளாம். மாவு திரளும், அவர் உதடு அசையும், சொல்ல வந்தது உள்ளேயே போய்விடும்.

அறுபத்தெட்டு ஆனியில் ரங்கூன் சேக்காளி ஒருவரிடமிருந்து உடையப்பனுக்குக் கடிதம் வந்தது. மா டின் இறந்து ரெண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, மகள் உங்களைத் தேடித்தான் கப்பலேறினாள், வந்து சேர்ந்தாளா, ஒரு பதிலும் இல்லையே என்று. உடையப்பன் கடையிலேயே உட்கார்ந்து, வந்தவர்கள் பார்க்க, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு சுந்தரம்மாளின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"ஒனக்குத் துரோகம் பண்ணிட்டேன். அவளுக்கும் பண்ணிட்டேன். பிள்ளைக்கும் பண்ணிட்டேன். வான்னு கூப்புட்டா ஒம் மூஞ்சில எப்படி முழிப்பேன்னு பயந்துக்கிட்டே ஒரு காயிதத்தோட நிறுத்திட்டேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "எதுக்கும் கேக்குறேன். நான் இல்லாதப்ப யாராச்சும் வந்தாகளா?"

சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவரே காலடியில் கிடக்கிறார். அவள் வாயைத் திறந்தாள்.

"யாரும் வரல."

உடையப்பன் மெட்ராஸுக்கு ரயிலேறினார். முகாம் ஆபீஸில் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்த ஒருவர் சொன்னார்: "சுந்தரம்மாள், வயசு பதினாறு. தகப்பன் உடையப்பன், காலமானார். தாய், காலமானார். அனாதைப் பிள்ளைன்னு தோட்ட வேலைக்கு அனுப்பியாச்சு."

"நான்தான்யா உடையப்பன்."

"செத்தவரு பேரச் சொல்லிக்கிட்டு வந்து வயசுப் பொண்ணக் கேக்குறீரா? எந்தத் தோட்டம்னு தெரியணும்னா உம்மைப் பத்தி எழுத்துல கொண்டாரும்."

ரங்கூனில் எவனோ அவளிடம் தப்பாகச் சொல்லியிருக்கிறான் என்று அவர் முடிவுகட்டிக்கொண்டார். ஊருக்குத் திரும்பி நேராகப் புங்க மரத்தடிக்கு வந்தார். அன்றைக்குத்தான் நான் அவரை முதலில் பார்த்தது. அடுத்த ஆறு மாதத்தில் அவருக்காக ஏழு மனு எழுதினேன். ஏழிலும் அவர் உயிரோடிருந்தார்.

8

எட்டாவது மனுவுக்கு முன்னால் சுந்தரம்மாள் வந்தாள்.

மத்தியானம். ஆபீஸ் வாசலில் ஆளில்லை. கையில் பழுப்பு உறை. கடைக்கு வந்ததை அவர் இல்லாத நேரத்தில் வாங்கி, இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இத வாசி தம்பி."

முகாமிலிருந்து பதில். மனுதாரர் கோரியபடி விவரம் தரப்படுகிறது என்று தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயரும் விலாசமும் இருந்தன. வாசித்தேன். அவள் உறையை வாங்கி மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, மேலே நீங்கள் படித்தது அத்தனையையும் சொன்னாள். சத்தம் உயரவில்லை. காய்கறி விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அந்தப் புள்ளைக்கு ஒரு காயிதம் எழுது. மொத அவகிட்டச் சொல்றேன். அப்பறம் இவருகிட்ட."

"என்ன எழுத?"

"ஒங்கப்பா உசுரோட இருக்காரு. செத்துட்டாருன்னது நான். வேலைக்காரின்னதும் பொய்யி. நாந்தான் அவரு சம்சாரம். எம் பேரும் சுந்தரம்மாதான், குலசாமி இல்ல. கெளம்பி வா. அம்புட்டுத்தான்."

"மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்தை?"

"எதுக்கு? மன்னிக்கச் சொன்னா அந்தப் புள்ளைக்கு அது ஒரு வேலையில்ல? வேணாம்."

அவள் சொன்னபடியே எழுதினேன். பதில் என் விலாசத்துக்கு வரட்டும் என்றாள். சரி என்றேன்.

அடுத்த வாரம் உடையப்பன் வந்தார். "பதிலே வரல தம்பி. இன்னொண்ணு எழுதிப் போடுவோம்" என்றார். வந்த பதிலை நான் என் கண்ணால் படித்திருந்தேன். ஆனாலும் எட்டாவது மனுவை எழுதினேன். சுந்தரம்மாளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு அன்றோடு போயிற்று. அதற்குப் பிறகும் கதை எழுதத்தான் வந்தேன் என்பது வேறு விஷயம்.

9

மாசி மாதம் பதில் வந்தது. நோட்டுப் புத்தகத் தாள், பென்சில் எழுத்து. அவள் வந்து மரத்தடியில் உட்கார்ந்ததும் பிரித்தேன். உரக்க வாசிக்கும் முன் ஒரு தடவை மனசுக்குள் வாசித்துவிட்டேன். மனு எழுதுகிறவனின் பழக்கம்.

'பெரியம்மாவுக்குச் சுந்தரம்மா எழுதிக்கொண்டது. உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நல்லபடியாக இருக்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. வயிற்றில் மூன்று மாதம். அனாதை என்று எழுதிக் கொடுத்ததால்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. அனாதை என்றுதான் இவரும் இரக்கப்பட்டுக் கட்டினார். இப்போது அப்பா இருக்கிறார் என்றால் நான் பொய் சொல்லி வந்தவள் ஆகிவிடுவேன். வீட்டில் சேர்க்க மாட்டார்கள்.

அதுவும் போக, அப்பாவுக்கு அழுது முடித்துவிட்டேன். ரயிலில் மெட்ராஸ் வரைக்கும் அழுதேன். அவரை உயிரோடு எழுப்பி வைத்துக்கொண்டு இன்னொரு தடவை அழ என்னால் ஆகாது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்தானே.

அவர் தேடினால் நான் செத்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்குச் சொல்ல வரும்.'

கடைசி வரியில் கோபம் இருக்கிறதா என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். பென்சில் எழுத்தில் அதெல்லாம் தெரிவதில்லை.

அவளுக்கு எழுத்து தெரியாது. என் வாய்தான் அவளுக்குக் கடிதம். என்ன வேண்டுமானாலும் வாசித்திருக்கலாம். 'வருகிறேன் பெரியம்மா' என்று வாசித்திருக்கலாம். கடைசி வரியை மட்டுமாவது விழுங்கியிருக்கலாம். இன்றைக்கு ஒரு பக்கத்தில் பத்துப் பொய் கூசாமல் எழுதுகிறேன். கற்பனை ஒரு உயிருக்கு உதவியிருக்கக்கூடிய அந்த ஒரு நேரத்தில், உள்ளதை உள்ளபடி, புள்ளி மாறாமல் வாசித்தேன்.

"கடேசில என்னமோ சொன்னியே, அத இன்னொருக்கா வாசி" என்றாள்.

வாசித்தேன்.

"சரி" என்று எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டாள். "அதக் கிழிச்சுரு தம்பி."

10

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், அவள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள். உடையப்பன் அன்றைக்கே பஸ் ஏறுகிறார். தோட்டத்து வீட்டு வாசலில், புருசன் பக்கத்தில் நிற்க, மகள் அவரை ஏறிட்டுப் பார்த்து, "இவரு யாருன்னு எனக்குத் தெரியலையே" என்கிறாள். எழுதினேன். படித்தேன். அடித்தேன்.

இன்னொன்றில், மகள் கேட்டபடியே சொல்கிறாள். அவர் தலைமுழுகிவிட்டு, மறுநாள் கடையைத் திறந்து, மாவைக் கிண்டி, எண்ண மறந்து, கட்டி தட்டவிட்டு... இது பாதியில் நிற்கிறது. முடிக்கத் தெரியவில்லை என்று இல்லை.

மூன்றாவதில் அவள் ஒன்றுமே சொல்லவில்லை. அவர் வருடக் கணக்கில் மனு எழுதிக்கொண்டே இருக்கிறார். இதுதான் நடந்திருக்கும் என்று என் மனைவி சொல்கிறாள். அவள் மனிதர்களை என்னைவிட நன்றாக அறிந்தவள். ஆகவே இதை வைத்துக்கொள்ளவே எனக்குப் பயம்.

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். தெரியாது. அந்த வாரமே மதுரையில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்து நான் போய்விட்டேன். கிடைத்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஓடிவிட்டேன். அப்புறம் எத்தனையோ தடவை திண்டுக்கல் வழியாகப் போயிருக்கிறேன். பேகம்பூர்ப் பக்கம் திரும்பியதில்லை.

ஆனால் அன்றைக்கு அவளுக்குத் தெரியாமல் ரயில்வே கேட் வரைக்கும் பின்னாலேயே போனேன். கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று நிதானமாகப் போயிற்று. அவள் ஜட்கா வண்டிக்குப் பக்கத்தில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். கேட்டைத் தூக்கினார்கள். ஜட்கா போயிற்று, சைக்கிள்கள் போயின, புல்லுக்கட்டுக்காரிகள் போனார்கள். அவள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

என் கதையில் அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். அங்கிருந்து கடைக்குப் பத்து நிமிட நடை. அவளை நகர்த்த எனக்குக் கை வரவில்லை. உங்களுக்கு வந்தால் நகர்த்திக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கடைக்குள் அவள் காலெடுத்து வைத்ததும் உடையப்பன் நிமிர்ந்து பார்த்து, "எங்க போன இம்புட்டு நேரம்?" என்று கேட்பார். அவர் வேறெதுவும் கேட்க மாட்டார். அதற்கு ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு நகர்த்துங்கள்.